ஜூலை மாதம் மட்டும் மதினிக்குத் தலைச்சுற்றல் வேண்டி

போல்ஸ்வர்ட்,
மே மாதம், மழை.

மதிப்பிற்குரிய ஆஃப்கே மதினி அவர்களுக்கு,

தங்கள் மறைந்த தங்கை ஹிஸ்கேயின் கணவன் வீபெ மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். முழங்கால் நலம், இருதயம் நலம், காது இரண்டும் நலம். காதை எதற்காகத் தனியாகச் சொல்கிறேன் என்பது கீழே வரும். அங்கே தீவில் தாங்களும், தங்கள் கோழிகளும், போன புயலில் ஓடு பறந்த கொட்டகையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த இடத்தில் தங்கள் உடல்நலத்துக்காக ஆண்டவனை வேண்டிக்கொள்வது முறை. இந்தக் கடிதத்தில் மட்டும் அந்த வேண்டுதலைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். ஏனென்றால் நான் தங்களிடம் கேட்கப்போவதே, வருகிற ஜூலை மாதம் தாங்கள் உடல்நலம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

கோபித்துக்கொண்டு கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாமல் முழுசாகப் படிக்கவும். பெரிய நோய் எதுவும் வேண்டாம். முதலில் இடுப்பு எலும்பு என்றுதான் யோசித்தேன். ஆனால் என் மகன் யோரிட் எலும்பு, தசை, மூட்டு இவற்றுக்குப் பயிற்சி கொடுத்தே பிழைப்பு நடத்துகிறவன், மறுநாளே கப்பலேறி வந்து உங்களைப் படிக்கட்டில் ஏற்றி இறக்கி நடக்கவைத்துவிட்டுத்தான் போவான். காய்ச்சல் என்றால் மகள் நின்கே நர்ஸ், எத்தனை டிகிரி, எப்போதிலிருந்து, சளி என்ன நிறம் என்று போலீஸ் மாதிரி விசாரிப்பாள், உங்களுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. (பழக்கமில்லை என்றுதான் நேற்று வரை நினைத்திருந்தேன். அதுவும் கீழே வரும்.) ஆகவே தலைச்சுற்றல் என்று வைத்துக்கொள்வோம். தலை சுற்றுகிறதா இல்லையா என்று வெளியே நின்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. "தனியா இருக்கப் பயமா இருக்கு, வீபெ வந்து கொஞ்ச நாள் கூட இருந்தா தேவலை" என்று போனில் சன்னக் குரலில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளைகள் நான் இல்லாமல் ஸ்பெயினுக்குப் போவார்கள், நான் உங்கள் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பேன். உங்களுக்குச் சன்னக் குரல் கிடையாது என்பது எனக்குத் தெரியும். பழகிப் பாருங்கள், இன்னும் நாள் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், எங்கள் வீட்டில் கோடை விடுமுறையை வருஷப் பிறப்பன்று, எண்ணெயில் பொரித்த உருண்டைகளைத் தின்றுகொண்டே முடிவு செய்வது வழக்கம். முடிவு செய்ய என்ன இருக்கிறது, எல்லா வருஷமும் ஒரே முடிவுதான். ஸ்பெயின், அதே கடற்கரை, அதே கூடார மைதானம், பைன் மரத்தடியில் அதே இடம். "இந்த வருஷம் எங்க போகலாம்?" என்று ஹிஸ்கே கேட்பாள், "எங்க வேணா" என்று நான் சொல்வேன், அவள் பழைய இடத்துக்கே எழுதிப் போட்டுவிடுவாள். கேரவனில் நம்ம ஊர் உருளைக்கிழங்கு ஒரு மூட்டை, ரஸ்க், காப்பித்தூள், அப்புறம் காற்றை மறைக்கிற அந்தக் கோடு போட்ட துணி. அங்கே காற்றே கிடையாது, இருந்தாலும் அதை நாலு கம்பில் நட்டுவைக்காமல் நம்மால் ஒரு கரையில் உட்கார முடியுமா, சொல்லுங்கள். பிள்ளைகள் காலையில் கடலில் இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார்கள். நானும் அவளும் துணிக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டு அவர்கள் தலைகளை எண்ணிக்கொண்டிருப்போம். அதுதான் எனக்குத் தெரிந்த விடுமுறை.

இந்த வருஷப் பிறப்புக்கு அவள் இல்லை. போன அக்டோபரில் அவளைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவள் நாற்காலியில் நான் யாரையும் உட்காரவிட்டதில்லை, அன்றைக்கு யோரிட் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தான், நானும் விட்டுவிட்டேன். அதில் அதே கடற்கரைதான் தெரிந்தது, ஆனால் அடையாளமே தெரியவில்லை. வெறுமனே வெயிலில் கிடக்கிற விடுமுறை இல்லையாம் இது, உடம்பை அசைக்கிற விடுமுறையாம். ஒல்லிப் படகில் துடுப்புப் போட்டுக் குடா குடாவாகப் போவது, மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்ப்பது, பாறை மேலிருந்து குதிப்பது, குகைக்குள் நீந்திப் போய் அந்தப் பக்கம் வருவது. கடைசி நாள், ஹிஸ்கே நினைவாக, குடும்பம் மொத்தமும் கரையிலிருந்து அந்த மர மிதவை வரைக்கும் நீந்துவது. அந்த மிதவை உங்களுக்கு நினைவிருக்கும், போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள், அதன்மேல் எப்போதும் யாராவது ஒரு ஜெர்மன்காரர் படுத்திருப்பார்.

நான் வாயைத் திறந்து ஏதோ சொல்வதற்குள் நின்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மாவுக்குக் காது சரியில்லன்னு நீங்களும் கரையிலயே உக்காந்துட்டீங்க. எத்தனை வருஷம். நாங்க தண்ணியில கும்மாளம் போடுறப்போ ஒரு தடவகூட நீங்க அவங்கள விட்டுட்டு எந்திரிச்சு வந்ததில்ல. இந்த வருஷம் கடல் உங்களுக்கு" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். யோரிட் என் தோளில் கையை வைத்தான், வைத்து அப்படியே கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தான். வேறு வீடுகளில் ஒப்பாரி வைத்து அழுவதற்கு நம் வீட்டில் அதுதான் சமம், உங்களுக்குத் தெரியாததா. என் வாயில் அப்போது பாதி உருண்டை இருந்தது. அதை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, நான் உணர்ச்சிவசப்பட்டு அடைத்துப்போய் இருப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் அழுதார்கள்.

மதினி, எனக்கு நீச்சல் தெரியாது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தவன், எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கால், எதிர் வீட்டுப் பூனைக்குக்கூட நீந்தத் தெரியும். உங்கள் குடும்பத்தில் நடக்கப் பழகுவதற்கு முன்னாடியே கடலில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று ஹிஸ்கே சொல்வாள். நான் சின்னப் பையனாக இருக்கும்போது பால் படகிலிருந்து வாய்க்காலுக்குள் விழுந்தேன், கொக்கிக் கம்பை என் சட்டைக் காலரில் மாட்டித் தூக்கினார்கள், அதற்கப்புறம் பள்ளியில் நீச்சல் பாடம் என்றால் எனக்கு இருமல் வந்துவிடும். பிறகு பாலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயுசு முழுக்கப் பாலத்தைத் தூக்கி இறக்கி, தூண்டில் கம்பில் மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிட்டுப் படகுக்காரர்களிடம் சுங்கக் காசு வாங்கினேன். கீழே தண்ணீரை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை, செருப்பைத்தான் பார்ப்பேன். பாலக்காரனிடம் போய் உனக்கு நீந்தத் தெரியுமா என்று எவன் கேட்பான்.

கல்யாணமான முதல் கோடையில் நண்பர்கள் கூட்டத்தோடு முதன்முறையாக அந்தக் கரைக்குப் போனோம். இறங்கினதும் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "மிதவை வரைக்கும் பந்தயம், வாடா வீபெ" என்று கத்தினார்கள். எனக்குக் காலெல்லாம் மரத்துப்போய்விட்டது. புதுப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், அதுவும் தீவுப் பெண். அந்த நேரம் பார்த்து ஹிஸ்கே தன் காதில் கையை வைத்துக்கொண்டு, "எனக்குக் கடல் தண்ணி ஆகாது, சின்ன வயசுலயே காது கெட்டுப்போச்சு, தனியா உக்கார வைக்காதீங்க" என்றாள். அன்றைக்கு அந்தக் காதுக்காக ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதிலிருந்து ஒவ்வொரு கோடையும் காதில் பஞ்சு. ஒரு வருஷம் வலது காதில், ஒரு வருஷம் இடது காதில். யோரிட் சின்னவனாக இருக்கும்போது ஒரு தடவை, "போன வருஷம் அந்தப் பக்கம்ல இருந்துச்சு?" என்று கேட்டான், வலி இடம் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டு அவன் வாயில் ஒரு ரஸ்க்கைத் திணித்தாள். எனக்கு எப்படி ஒரு அதிர்ஷ்டம், நீந்தத் தெரியாதவனுக்குக் காது கேடான பெண்டாட்டி, கடைசிவரை இவளுக்கு நம்ம விஷயம் தெரியவேண்டியதே இல்லை என்று அந்தத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டிருந்தேன் மதினி.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். விடுமுறையிலிருந்து தப்பிக்க நான் செய்யாத முயற்சி இல்லை. முதலில் முழங்கால் வலி என்றேன். யோரிட் என்னைச் சாப்பாட்டு மேஜைமேல் படுக்கவைத்து, காலை மடக்கி நிமிர்த்தி, இந்த வயசில் இப்படி ஒரு முழங்காலை அவன் பார்த்ததே இல்லை என்று தன் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொன்னான். பிறகு யோசித்து, எனக்கும் காது சரியில்லை என்றேன். அது இவ்வளவு பெரிய தப்பாகப் போகும் என்று நினைக்கவில்லை. நின்கே என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், "அம்மா வலிய நீங்க சொந்தமாக்கிக்கிட்டீங்கப்பா" என்று சொல்லி மறுபடி அழுதாள், மறுநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள், டாக்டர் குழல் விட்டுப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, துக்கம் சில பேருக்கு இப்படித்தான் உடம்பில் வெளிப்படும், கடல் காற்று நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

என் பிறந்தநாளுக்கு வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருத்தருக்கொருத்தர் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி, கேக்கில் ஆளுக்கு ஒரு துண்டும் சாப்பிட்டானபிறகு பரிசைப் பிரித்தால் கறுப்பு ரப்பர் உடுப்பு. குளிர்ந்த தண்ணீருக்குள் போட்டுக்கொள்வதாம். அன்று ராத்திரியே ரகசியமாகப் போட்டுப் பார்த்தேன். உள்ளே போனேன், வெளியே வர முடியவில்லை. பாதிரியார் மறுநாள் காலை ஆறுதல் சொல்ல வந்தபோது நான் கழுத்து வரைக்கும் கறுப்பு ரப்பரில் கதவைத் திறந்தேன். அவர் நல்ல மனிதர், ஒன்றும் கேட்கவில்லை, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தார், நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிறவர்களை அவர் பலவிதமாகப் பார்த்திருக்கிறாராம், அதை மட்டும் சொன்னார்.

ஈஸ்டருக்கு யோரிட் ஒல்லிப் படகையே கொண்டுவந்துவிட்டான். காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் இறக்கி, எனக்கு மிதவைச் சட்டை மாட்டி, முன்னால் உட்காரவைத்து, அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு துடுப்பைக் காற்றில் போட்டேன். எங்கே போனாலும் வாய்க்கால் என் பாலத்துக்குக் கீழேதானே போக வேண்டும். படகு பாலத்தடிக்கு வந்ததும் ஒருபக்கம் சாய்ந்தது, நான் பாலத்துத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன், படகு என் மகனோடு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே தண்ணீர். மேலே எனக்குப் பதில் வேலைக்கு வந்திருக்கிற புது ஆள், ஆள் யாரென்றுகூடப் பார்க்காமல், வழக்கம்போல மரச்செருப்பை மூக்குக்கு நேரே இறக்கினான். நான் காசு வாங்கி வாங்கியே தேய்ந்த அதே செருப்பு. அதை எட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினேன் மதினி. அவன் காசுக்குக் காத்திருக்கிறான், நான் உயிருக்குத் தொங்குகிறேன். யோரிட் திரும்பி வந்து பார்த்துவிட்டு, பழைய பாலக்காரர் பழைய செருப்போடு விளையாடுகிறார் என்று வயிறு வலிக்கச் சிரித்தான். அம்மா போனபிறகு அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

அன்று சாயங்காலம்தான் முடிவு செய்தேன், கற்றுக்கொண்டுவிடுவது என்று. ஊர் நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. போனால், வாசலில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உதவி செய்ய வந்தவர்கள் அந்தப் பக்கம், காப்பி அங்கே இருக்கிறது என்று வழிகாட்டினாள். ஏனென்றால் வகுப்பில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் சிரியாவிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வந்த புது ஜனங்கள், இந்த ஊர்க்காரன் ஒருத்தன் நீச்சல் படிக்க வருவான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. நானும் தைரியம் இல்லாமல் முதல் நாள் முழுக்கக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது நாள் மெப்ராஹ்து என்கிற எரித்திரியாக்காரர், பாதி நரைத்த மனுஷன், என் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியவரே, நீங்களும் தண்ணியப் பாக்குறப்போ கண்ண மூடிக்கிறீங்க, வாங்க சேர்ந்து இறங்குவோம்" என்றார். என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கே போவதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்டார். விடுமுறைக்கு, அந்தத் தெற்குக் கடலில் நீந்த, பிள்ளைகளோடு என்றேன். "அந்தக் கடல்ல நான் இருந்திருக்கேன். மூணு நாள். எனக்குப் பிடிக்கல" என்றார். அதற்கப்புறம் நான் பயமாக இருக்கிறது என்று அவர் காதுபட ஒருநாளும் சொன்னதில்லை.

நம் ஊரில் துணியோடும் செருப்போடும் நீந்திக் காட்டினால்தான் சான்றிதழ் தருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், வாய்க்காலில் விழுகிறவன் நீச்சல் உடையிலா விழுவான். அடுத்த வாரம் எல்லோரும் துணிமணி கொண்டுவர வேண்டும் என்று வாத்தியார் டௌவெ சொன்னார். நான் விழுந்தால் எதில் விழுவேன் என்று நேர்மையாக யோசித்து, பாலத்து உத்தியோக உடுப்பை, பித்தளைப் பொத்தான் வைத்த கம்பளிக் கோட்டோடு போட்டுக்கொண்டு போனேன். குதித்ததும் நேராக அடிக்குப் போய்விட்டேன். மெப்ராஹ்துதான் காலரைப் பிடித்துத் தூக்கினார். எனக்கு விதி அப்படித்தான், எப்போதும் காலர்தான்.

ஈரம் சொட்டக் கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தபோதுதான் டௌவெ பக்கத்தில் வந்து குந்தினார். கோட்டில் என் பெயர் தைத்திருந்ததைப் படித்துவிட்டு, "நீங்க ஹிஸ்கேயோட வீட்டுக்காரரா?" என்றார். ஆமாம் என்றேன். ஊரில் எல்லோருக்கும் அவளைத் தெரியுமே, சாவு வீட்டுக்கு வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "ஜன்னல் ஓரத்து வரிசை அவங்களோடது. புதன்கிழமை காலையில அதுல இப்பவும் யாரும் இறங்குறதில்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை மதினி. புதன்கிழமை அவள் தேவாலயத்துக்குப் பூ அடுக்கப் போவாள். குடையை எடுத்துக்கொண்டு போவாள், தலை நனைந்து வருவாள், இந்த ஊரில் தலை நனைந்து வருகிறவளை யாராவது ஏன் என்று கேட்பார்களா. காது என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன், பைத்தியக்காரன் மாதிரி, காது கெட்டுப்போனவள் எப்படி நீந்தினாள் என்று கேட்டேன். டௌவெக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைத் தொட்டுத் தண்ணீருக்குள்ளேயே தலைகீழாகப் புரண்டு திரும்புவாளாம், குளத்தில் இருக்கிற வாலிபர்களே நின்று பார்ப்பார்களாம், காதுக்கு ஒரு கேடும் இல்லையாம். அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் வீட்டுக்காரர் ஒருநாள் தானா வருவாருன்னு சொல்லியிருந்தாங்க. வந்தா சின்னப் பிள்ளைங்களோட விடாதீங்க, கூச்சப்படுவார். ஏன் இவ்வளவு லேட்டுன்னும் கேக்காதீங்கன்னு சொன்னாங்க. அதனாலதான் நான் கேக்கல."

வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரக் கூடாது என்று வைத்திருந்த நாற்காலி. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளே, அந்தக் கரையில், என் காலைப் பார்த்தே தெரிந்துகொண்டு, ஒரு நொடியில் ஒரு காதைக் கெடுத்துக்கொண்டாள். கடலில் பிறந்தவள் ஒவ்வொரு கோடையும் அந்த நீலத் தண்ணீருக்கு முன்னால், காதில் பஞ்சோடு, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் துணையிருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன். நீங்களும் உடந்தை, இல்லையா மதினி? நாங்கள் தீவுக்கு வரும்போதெல்லாம் விடிகாலையில், பிள்ளைகள் எழுவதற்கு முன்னால், "காலாற நடந்துட்டு வர்றோம்" என்று அக்காவும் தங்கையும் போவீர்களே, ரெண்டு பேரும் தெப்பலாக நனைந்து, கன்னம் சிவந்து, சின்னப் பெண்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வருவீர்களே. நல்ல மழை என்பீர்கள். ஜன்னலில் ஒரு சொட்டு இருக்காது. நான் இரண்டு பேருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுத் தீவில் மழை விசித்திரமாகப் பெய்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு மடையனாக ஒருத்தன் இருக்க முடியுமா. அவள் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒரே ஒரு தடவை சண்டை போட ஆசையாக இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், நான் எப்படி ஸ்பெயினுக்குப் போவது? தண்ணீர் பயம் ஒருபக்கம் இருக்கட்டும். அங்கே போனால் பிள்ளைகள் அந்தக் கரையில் நின்று அப்பாவின் தியாகத்தைப் பற்றிப் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவள் செய்ததற்கு என் தோளில் கை வைப்பார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அவர்களுக்கு மிச்சமிருக்கிற சந்தோஷமே எங்கள் அம்மா அப்பா அப்படி இருந்தார்கள் என்பதுதான், அதையும் பிடுங்கிவிடுவேனா. ஆகவேதான் தலைச்சுற்றல். என்னைக் காப்பாற்ற இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் மிச்சம்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உங்களுக்குப் பிடித்த சர்க்கரை ரொட்டி ஒன்று இத்துடன் வருகிறது, கப்பலில் நசுங்காமல் இருக்க கறுப்பு ரப்பர் உடுப்பில் சுற்றியிருக்கிறேன், ரொட்டியை எடுத்துக்கொண்டு உடுப்பைக் கோழிக் கூண்டுக்குக் கூரையாகப் போட்டுக்கொள்ளவும். கொட்டகை ஓட்டைச் சீக்கிரம் மாற்றவும். தங்கள் வீட்டில் அடுப்பு அணையாமலும், கதவைத் தட்டுகிறவர்கள் நல்ல செய்தியோடும் வரட்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையால் நன்றாக ஏமாற்றப்பட்ட,
வீபெ

பின்குறிப்பு: உறையை ஒட்டியானபிறகு பிரித்து இதை எழுதுகிறேன். தலைச்சுற்றல் வேண்டாம். தயவுசெய்து சுற்ற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். நின்கே அம்மாவின் அலமாரியிலிருந்து அந்தப் பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துவந்து, ஸ்பெயினில் பைன் மரத்தடியில் அம்மா நாற்காலியைப் போட்டு அதன்மேல் இதை வைப்போம் என்றாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. "உங்கம்மாவுக்குக் காது நல்லா இருந்துச்சு. எனக்குத்தான் நீச்சல் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், புதன்கிழமை வரைக்கும். நின்கே பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யோரிட் எழுந்து பின்பக்கம் போய் வாய்க்கால் ஓரத்தில் நின்றான். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். "எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமாப்பா, அம்மா ஒரே ஒரு தடவ வாங்கன்னு. காதத் தொட்டுக் காமிப்பாங்க" என்றான். அவ்வளவு பெரிய ஆள் குழந்தை மாதிரி அழுதான். அதை நான் யோசிக்கவே இல்லை மதினி, அவளுடைய கடல் போனது என்றுதான் நினைத்தேன், அவனுக்கு அவனுடைய அம்மா போயிருக்கிறாள். மன்னிச்சிரு என்றேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இப்போது எவ்வளவு தூரம் நீந்துவீர்கள் என்று கேட்டான். குளத்தின் அகலம், அதுவும் சுவரைத் தொட்டுக்கொண்டு என்றேன். போதும், மார்பளவில் நில்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றான்.

ஆகவே ஜூலையில் நீங்களும் எங்களோடு காரில் வருகிறீர்கள், பின் இருக்கையில் உங்களுக்கு இடம் போட்டாயிற்று, கோழிகளைப் பக்கத்து வீட்டில் விடுங்கள். பிள்ளைகள் தங்கள் அம்மா நீந்தி ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. நீங்கள் இருவரும் ஒரே தகப்பனிடம், ஒரே கடலில் படித்தவர்கள், இந்த வயசிலும் தினம் காலையில் இறங்குகிறீர்கள் என்று கேள்வி. அந்த மிதவை வரைக்கும் ஒருதடவை நீந்திக் காட்டுங்கள். அவள் எப்படிப் போயிருப்பாள் என்று அவர்கள் பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன். மேலே தள்ளி வைத்த வேண்டுதலை இத்துடன் சேர்த்துக்கொள்ளவும்: தாங்கள் ஜூலையில் நோய்நொடி இல்லாமல், கை கால் திடமாக, காது இரண்டும் சுகமாக இருக்க ஆண்டவன் அருள வேண்டும். ரப்பர் உடுப்பைத் திருப்பிக் கொண்டுவரவும். கரையில் எனக்குத் துணையாக யாரும் உட்கார வேண்டியதில்லை.